பழைய வேகன்ஆர் 1.0: இன்ஜினைப் பார்க்கும் முன் கூலன்ட்டைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் சின்னதாக ஒரு குடும்பக் கார் தேடுகிறவர்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து நிற்கும் வண்டி மாருதி வேகன்ஆர். இங்கே பேசுவது 2010-இல் வந்து 2018 வரை விற்ற மாடலைப் பற்றி. 998 சிசி, மூன்று சிலிண்டர், கே10பி இன்ஜின், 35 லிட்டர் டேங்க். 2019-இல் வந்த அகலமான வண்டி வேறு. அதைப் பற்றிக் கீழே இரண்டு வரி.

இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இந்த இன்ஜினில் கிடையாது, அதற்குப் பதில் செயின்தான். 'இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் மாற்று' என்ற செலவு இல்லை. ஆனால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் கசடு சேர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி 'கடகட' என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் சூடான பிறகு கேட்காது. அதனால் விற்கிறவர் நீங்கள் போவதற்கு முன்பே வண்டியை ஓட வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆயில் 5W-30 தரம். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பில்டரோடு சேர்த்தே 3 லிட்டருக்குள் முடிந்துவிடும். வருஷத்துக்கு 4,000 கி.மீ.கூட ஓடாத வண்டிக்கும் இதே கணக்குதான். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. உள்ளே ஈரம் தங்கி ஆயில் இன்னும் சீக்கிரம் கெடும். 'கம்மியா ஓடின வண்டி சார்' என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

உண்மையில் இந்த இன்ஜினைக் கொல்வது தண்ணீர்தான், அதிலும் போர் தண்ணீர். ரோட்டோரப் பட்டறையில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் குடத்திலிருந்து ஊற்றிவிடுவார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், வாட்டர் பம்பை அரிக்கும். இன்ஜின் பிளாக்கும், அதன் மேல் மூடி மாதிரி உட்காரும் ஹெட்டும் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போகும். அதோடு செலவு ஐந்து இலக்கம். ரிசர்வ் பாட்டிலில் இருப்பது பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். டீ மாதிரி இருந்தால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் மாதிரி வெளுப்பாகக் கெட்டியாகப் படிந்திருந்தால், தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். பிறகு ஏசியைப் போட்டுப் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும், குளிர்ச்சி குறையக் கூடாது. வழியில் என்றாவது டெம்பரேச்சர் எச்சரிக்கை வந்தால், 'அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்' என்ற யோசனையே வேண்டாம். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் போகிறது.

ஐடிலில் ஸ்டீயரிங் லேசாக அதிரும். மூன்று சிலிண்டருக்கு அது இயல்பு. சீட் வரை அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருக்கும். அதிர்வோடு பிக்கப்பும் விழுந்து, செக் இன்ஜின் விளக்கு மினுக்கினால் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இக்னிஷன் காயில் அல்லது பிளக். பழுதுக் கோடைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். புதுக் காயில் வாங்கும் முன் அந்தக் காயிலை முதல் சிலிண்டரில் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் ராக்கர் கவர் ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். காயிலை மாற்றிப் போட்டுப் பார்ப்பது அஞ்சு நிமிஷ வேலை, இதைச் செய்யாமலே மூன்று காயிலையும் மாற்றிவிடுகிற இடங்கள் உண்டு.

சஸ்பென்ஷன் நம் ரோட்டுக்குத் தேய்ந்தே தீரும். ஸ்பீடு பிரேக்கரில் 'டொக் டொக்' என்றால் முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். வேகம் கூடக்கூட ஹூங்காரம் கூடினால் வீல் பேரிங். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோடு நிறுத்தாமல் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். கதவு, பம்பர், ஹெட்லைட் மாதிரி சாமான் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழசாக வாங்கினால் லாபம். பிரேக், பால் ஜாயின்ட், சென்சார் மூன்றும் புதுசுதான்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் மறக்க வேண்டாம். அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் மூழ்கியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மூழ்கிய வண்டி என்றால் வண்டல் கோடு அங்கேதான் இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே ஈர வாடை, இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். என்ஜினைச் சரி செய்துவிடலாம், ஒயரிங் நோவு வருஷக்கணக்கில் தொடரும்.

மைலேஜ்? நகரத்தில் ஏசியோடு 13 முதல் 15, பைபாஸில் 80-ஐத் தாண்டாமல் போனால் 18-க்கு மேல். மீட்டர் காட்டுவதை நம்பாமல் டேங்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்துப் பாருங்கள். கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களுக்கு மைலேஜும் வராது, கிளட்ச் பிளேட்டும் நிற்காது. ஐந்து பேரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும். ஏசியை அணைத்துவிட்டு முதல், இரண்டாம் கியரில் பொறுமையாகப் போக வேண்டும். இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதியில் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டியாக இருந்தால் மேனுவல் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குறை என்றால் அகலம்தான் முதலில். ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இடிப்பார்கள். உயரம் அதிகம் என்பதால் வயதானவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம், ஆனால் பைபாஸில் பஸ் தாண்டிப் போகும்போது ஒரு தள்ளு தள்ளும். பாதுகாப்பு இந்த வண்டியின் பலம் அல்ல. அடிப்படை மாடல்களில் ஏர்பேக்கே இல்லை. 2019 மாடல் அகலம் கூடியது, 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினும் கிடைக்கிறது. பட்ஜெட் எட்டினால் அதுவே மேல், அதிர்வு நிஜமாகவே குறைவு. ஆனால் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் அதற்கும் 2023-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான்.

2011, 2012 வண்டியை வாங்குகிறவர்கள் ஆர்.சி.யின் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். 15 வருஷம் முடிந்ததும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. அதற்கு முன் டிங்கரிங், பெயின்ட், டயர், லைட் என்று வண்டியை ஒழுங்காக்கும் செலவும் உண்டு. தேதிக்கு ஆறு மாதம்தான் மிச்சம் என்றால் இந்தச் செலவு முழுவதையும் விலையில் கழித்துக் கேளுங்கள். விற்கிறவர் அதைத் தவிர்க்கத்தான் இப்போது விற்கிறார்.