பெண்டோ பெட்டியில் குழையல்சோறு: மூன்று வருடப் பயன்பாட்டு அனுபவம்

என் மனைவி தாதியாகப் பணியாற்றுகிறார். காலைக் கடமை உள்ள நாட்களில் ஆறேகாலுக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவார். அதனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது என் வேலையாகிவிட்டது. 2023இல் மகள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு ஏழு வயது, தரம் 2இல் படிக்கிறாள். நான்கு வயது மகன் இந்த வருடம் முன்பள்ளியில் சேர்ந்திருக்கிறான். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பாடசாலை நாட்களில் தவறாமல் பெண்டோ பெட்டி, அதாவது ஜப்பானியர் பாணியில் அறைகள் பிரித்த சாப்பாட்டுப் பெட்டி, போய் வருகிறது. இப்படி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் பெட்டியைப் பெரியகடைப் பக்கத்தில் 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். பிளாஸ்ரிக் பெட்டி. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தது, அதாவது பொலிபுரொப்பிலீன். நான்கு அறைகள், இரண்டு பக்கமும் கொளுக்கி. அடுத்த வருடம் ரொரன்ரோவில் இருக்கும் தங்கை பிள்ளைகள் இருவருக்கும் ஒரே மாதிரியான இரண்டு சில்வர் பெட்டிகளை அனுப்பினாள். 304 வகைச் சில்வர், மூன்று அறைகள், மூடியில் சிலிக்கோன் வளையம்.

பெட்டிகளின் நிறை குறைகளுக்கு முன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் ஆறு மாதமும் நான் பிழைவிட்டது அங்கேதான். யாழ்ப்பாணத்துச் சமையல் சுடச்சுடப் பரிமாறிச் சாப்பிடுவதற்கு உரியது. இடியப்பம் சொதியில் ஊற வேண்டும், புட்டுக்குக் குழம்பு வேண்டும், சோற்றைப் பருப்பு விட்டுப் பிசைய வேண்டும். பெண்டோ அப்படியல்ல. ஆறிய பிறகு சாப்பிடுவதற்கென்றே ஜப்பானியர்கள் பழக்கிக்கொண்ட கட்டுச்சோறு அது. அதில் நீர் ஓடக்கூடாது. இடைவெளியும் இருக்கக்கூடாது, நெருக்கி அடுக்கினால்தான் பை குலுங்கும்போது ஒன்றோடொன்று கலக்காது. இதெல்லாம் தெரியாமல் வீட்டுச் சாப்பாட்டை அப்படியே நான்கு அறைகளிலும் பிரித்து வைத்தேன். ஒருநாள் சொதி கசிந்து மகளின் வர்ணம் தீட்டும் கொப்பி முழுவதும் மஞ்சளாகிவிட்டது. அவள் அழவில்லை. கொப்பியை முற்றத்தில் வெயிலுக்கு விரித்து வைத்துவிட்டு வந்து, "அப்பா, இனிச் சொதி வேண்டாம்" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டேன். பிள்ளைக்குக் கட்டுவதில் ஒரு பங்கை எனக்கும் கட்டிக்கொண்டு போய், அவளுக்கு இடைவேளை விடும் நேரத்தில் கந்தோரில் திறந்து சாப்பிட்டேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது ருசியாக இருந்தது நான்கு மணி நேரத்தில் என்னவாகிறது என்பதை நாக்கு சொல்லிக் கொடுத்தது. அரிசிமா இடியப்பம் நார்போல இறுகிவிடுகிறது. அவித்த கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலந்தால் மெதுமை ஓரளவு நிற்கிறது. அவித்த பிறகு புட்டின்மேல் தூவிய பச்சைத் தேங்காய்ப்பூ சித்திரை வெயிலில் பத்து மணிக்கே வாடை வைக்கிறது; மாவோடு கலந்து நீற்றுப்பெட்டியிலேயே அவித்துவிட்டால் தாங்குகிறது. தேங்காய்ச் சம்பல் எப்படிச் செய்தாலும் சரிவரவில்லை, நிறுத்திவிட்டேன். சீனிச்சம்பல் மாலை வரை அப்படியே இருக்கும். உருளைக்கிழங்குப் பிரட்டல் ஆற ஆற ருசி கூடுகிறது. அறக்குளாவைப் பொரித்து, முள் பார்த்து உதிர்த்து வைத்தால் மகள் அதைத்தான் முதலில் முடிக்கிறாள். முட்டைப் பொரியலை மெல்லிதாக ஊற்றிப் பாய்போலச் சுருட்டித் துண்டு போடுவேன். ஜப்பானியப் பெட்டிகளிலும் இதுபோன்ற சுருள் முட்டை உண்டு.

சோறுதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. ஜப்பானிய அரிசி குட்டையானது, அமைலோஸ் என்ற மாப்பொருள் அதில் குறைவு. அதனால் ஆறினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒனிகிரி என்று கையால் பிடித்து வைக்கலாம். எங்கள் சம்பாவும் நாட்டரிசியும் ஆறினால் உதிர்ந்துவிடும். சின்னக் கை கரண்டியால் அள்ளும்போது பாதி மடியில் விழுந்தது. கடலைமா சேர்த்துப் பார்த்தேன், மிஞ்சிய சோற்றை இட்டலித் தட்டில் வைத்து அழுத்திப் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை.

இதற்கான விடை எங்கள் அம்மம்மாவின் கையில் இருந்தது. மத்தியானச் சமையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சிய சோற்றில் பருப்பும் கத்தரிக்காயும் கீரையும் போட்டுச் சட்டிக்குள்ளேயே குழைப்பார். நாங்கள் ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டுவோம். ஒவ்வொரு கையிலும் ஒவ்வோர் உருண்டையாக வைப்பார், தட்டு கிடையாது. வயிறு நிறைந்தவர்களும் அந்தக் குழையல்சோற்றுக்குக் காத்திருப்பார்கள். அது ஆறிப்போன சோறுதான் என்பது இப்போது சமைக்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது. சோற்றைப் பிடித்து வைத்தது பருப்பு.

என் அளவு இது. ஒரு சுண்டு நாட்டரிசியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் குழைய வைப்பேன். மைசூர்ப் பருப்பைத் தனியாக அவித்து, நீரை வற்றவிட்டுக் களிபோலக் கடைவேன். சோறு நாலு பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு. உப்பு, ஒரு தேக்கரண்டி நெய், நன்றாக வதக்கி மசித்த கீரை அல்லது துருவிய கரட். கை பொறுக்கும் சூட்டில் இவற்றைப் பிசைந்துவிட வேண்டும். ஆறவிட்டுப் பிசைந்தால் விரிசல் விடும். பிறகு கையை உப்புத்தண்ணீரில் நனைத்துத் தேசிக்காய் அளவு உருட்டி, உள்ளங்கையில் இரண்டு தரம் அழுத்தித் தட்டில் வைப்பேன். உருண்டையின் மேற்பரப்பு மினுங்கி, விரலால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் பதம் சரி. இப்படிச் செய்தது இடைவேளை வரை உடைவதில்லை. மகன் கரண்டியே கேட்பதில்லை.

இரவே சமைத்து மேசையில் மூடி வைத்துவிட்டுக் காலையில் உருட்டலாமா என்று மனைவியிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கிவிடும். சோறு மணிக்கணக்காக அறைச் சூட்டில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் உணவு கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி என்று அவர் சொன்னதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன். ஐந்து மணிக்கு அடுப்பு பற்றும். உருட்டியதையும் பொரித்ததையும் அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைப்பேன். இருபது நிமிடத்தில் கை வைத்தால் சூடு தெரியாது. அதன் பிறகுதான் பெட்டிக்குள் போகும். கடும் வெயில் காலத்தில், உறையவைத்த சிறிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துவாயில் சுற்றிப் பெட்டியோடு வைக்கிறேன்.

ஆவி பறக்க மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். மூடியின் உட்பக்கம் முழுவதும் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டு சாப்பாட்டின்மேல் சொட்டும். சில்வர் பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே இருக்கும் காற்று ஆறிச் சுருங்கும்போது மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மகளுக்கு ஐந்து வயதில் இப்படி நடந்தது. இடைவேளை முழுவதும் மூடியோடு போராடிவிட்டுப் பசியோடு வந்தாள்.

மகனுக்கு அதைவிட மோசம். நன்றாக ஆறவைத்து மூடியும் அவனால் திறக்க முடியவில்லை. முதல் வாரம் மூன்று நாள் பெட்டி நிறைந்தபடியே திரும்பி வந்தது. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியை எத்தனை மூடியைத் திறப்பார்? அவன் யாரிடமும் கேட்கவும் இல்லை. அந்த மூன்று நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. இப்போது புதிதாக எதைக் கொடுத்தாலும் முதலில் வீட்டில் ஒரு வாரம் அந்தப் பெட்டியிலேயே சாப்பிட வைக்கிறேன். வாழைப்பழம் வைத்தால் காம்படியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு விடுகிறேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் பெண்டோவுக்கு 3:1:2 என்றொரு கணக்குச் சொல்வார்கள்: சோறு மூன்று பங்கு, மீனோ முட்டையோ பருப்போ ஒரு பங்கு, மரக்கறி இரண்டு பங்கு. எங்கள் தட்டில் சோறுதான் முக்கால்வாசி இருக்கும். நான் இந்தக் கணக்கை அப்படியே பிடிக்கவில்லை, ஆனால் அதை மனதில் வைத்ததால் மரக்கறி கூடியது. மகளுக்கு 450 மில்லிலீற்றர் பெட்டி போதுமாக இருக்கிறது. மகனுக்கு 350 தாராளம். கடைகளில் கண்ணுக்குப் பிடித்த பெரிய பெட்டியை வாங்கினால் அதை நிரப்பத் தோன்றும், நிரப்பினால் மிச்சம் வரும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் இருபத்தைந்து நாட்களும் மரக்கறிதான். அந்த நாட்களில் மீனின் இடத்தை அவித்த கடலையும் கௌபியும் சின்ன உளுந்து வடையும் பிடித்துக்கொள்கின்றன. சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுக் கச்சானை மகனுக்கு இன்னும் கொடுப்பதில்லை. ஊர்த் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் வைக்கிறேன். உருண்டையாக வழுக்கும் பொருள் சின்னத் தொண்டையை அடைத்துவிடும். கடலையையும் நசுக்கியே வைக்கிறேன்.

சோற்றில் முயல் முகம், கரடி முகம் செய்யும் வகையையும் ஒருமுறை முயன்றேன். முட்டையை முயலாக்கி, கரட்டால் காது வைத்தேன். மகள் அதைச் சாப்பிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள், உடைக்க மனம் வரவில்லையாம். பிள்ளைகள் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்களாம். அவள் பக்கத்தில் இருக்கும் பிள்ளை அன்று ஒன்றும் கொண்டு வரவில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். அதன் பிறகு நான் முயல் செய்யவில்லை. ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு உருண்டைகளை மூன்றிலிருந்து ஐந்தாக்கினேன். பெட்டி இப்போது காலியாக வருகிறது.

இனிப் பெட்டிகள். பிளாஸ்ரிக் பெட்டி பாரமில்லாதது, மலிவானது. ஆனால் மஞ்சள் போட்ட எதை வைத்தாலும் நிறம் ஏறிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தக் கறையை வெயில் எடுத்துவிடுகிறது. கழுவி, ஈரத்தோடு மதில்மேல் ஒரு பகல் வைத்தால் மறுநாள் வெளிறியிருக்கும், மூன்றாம் நாள் தெரியாது. மஞ்சளின் நிறப்பொருள் ஒளிபட்டால் சிதைந்துவிடுவதே காரணம். ஆனால் வெயிலில் கிடக்கக் கிடக்கப் பிளாஸ்ரிக்கும் நொறுங்கும் தன்மை பெறுகிறது. பதினாலாம் மாதம் ஒரு கொளுக்கி முறிந்தது. கொளுக்கி மட்டும் தனியாக வாங்க முடியவில்லை.

சில்வர் பெட்டிக்குக் கறையும் இல்லை, வாடையும் இல்லை. கீழே விழுந்து ஒரு மூலை நெளிந்ததைத் தவிர இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது சிலிக்கோன் வளையம். வெளியே பார்க்கச் சுத்தமாகத் தெரிந்த மூடியின் வளையத்தை ஒருநாள் ஈர்க்கால் நெம்பி எடுத்தேன். அடிப்பக்கத்தில் மயிரிழை போலக் கறுப்புப் பூஞ்சணம் வரிவரியாகப் படர்ந்திருந்தது, தொட்டால் வழுவழுத்தது. பல வாரங்கள் அதோடுதான் சாப்பாடு போயிருக்கிறது. இப்போது ஒவ்வோர் இரவும் வளையத்தைக் கழற்றி, பழைய பல்தூரிகையால் தேய்த்து, மூடியையும் வளையத்தையும் தனித்தனியாகக் காயவைக்கிறேன். வளையம் கழற்ற முடியாத பெட்டியை யாரும் வாங்க வேண்டாம்.

மகளுக்குச் சில்வர் பெட்டிதான் சரி. மகனுக்காக எங்கள் பக்கத்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் பொறுமையாக ஐந்து பெட்டிகளை எடுத்து நிலத்தில் வைத்தார். அவன் சப்பாணி கட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். நான்காவது பெட்டி, ஒற்றைக் கொளுக்கி, இரண்டே அறைகள். இரண்டு பெருவிரல்களாலும் தள்ளியவுடன் திறந்துகொண்டது. மூடினான், மறுபடி திறந்தான். அதையே வாங்கினோம்.