செத்த ஆட்டுக்குப் பணம் உண்டு, போன மேய்ச்சலுக்கு இல்லை: கால்நடைப் பேரிடர் நிவாரணம் எப்படி?

2023 டிசம்பர் 17, 18 மழைவெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கம் ஆடு மாடு பறிகொடுத்தவர்களுக்கு இருந்த முக்கியமான வழி அரசின் நிவாரணம்தான். அது எதற்குக் கை கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

2022-26 பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000, கோழிக்கு 100. மாட்டுத் தொகை பரவாயில்லை. ஆட்டுத் தொகை ஒரு நல்ல கிடாய் விலைக்குக் காணாது. குடும்பத்துக்கு 3 கறவை மாடு அல்லது 30 ஆடு என்று உச்சவரம்பும் உண்டு.

அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர்களுக்கு இந்த வரம்புதான் பெரிய அடி. ஒரு கிடையில் நாலைந்து குடும்பத்து ஆடுகள் சேர்ந்து நிற்கும். அத்தனையும் மேய்ப்பவர் ஒருவர் பெயரில் கணக்கில் ஏறினால் 30 ஆட்டுக்கு மேல் ஒன்றுக்கும் காசு இல்லை. கணக்கெடுக்க வரும்போதே எந்த ஆடு யார் வீட்டது என்று பிரித்துச் சொல்லி, அவரவர் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகலைத் தனித்தனியாகக் கொடுத்துவிட வேண்டும்.

செத்ததைப் புதைக்க அவசரப்படக் கூடாது. முதலில் வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருந்தகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவர் தரும் இறப்புச் சான்று இல்லாவிட்டால் மனு நகராது. காது வில்லை எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு குளம், கிணறு இல்லாத மேட்டில் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஆட்டுக்கு உடலே கிடைக்காது. பலருடைய மனு மாட்டிக்கொள்வது இங்கேதான். தடுப்பூசிப் பதிவு, காப்பீட்டுத் தாள், பால் சொசைட்டிப் புத்தகம் என்று எண்ணிக்கையைக் காட்டும் எதுவும் அப்போது உதவும். மழைக்காலம் பிறக்குமுன் இவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு உயரமான இடத்தில் வைப்பது நல்லது.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை தீவனம். டிசம்பர் வெள்ளத்தில் படப்பு (வைக்கோல் போர்) நனைந்து வைக்கோல் பூசணம் பிடிக்கும். வயலில் நின்ற பிசானப் பருவ நெல்லும் அழுகினால், பங்குனி வாக்கில் கிடை இறங்க வேண்டிய அறுப்பு வயலில் ஆடு மேயும் நெல் தாளே (அறுத்தபின் நிற்கும் அடித்தட்டு) இருக்காது. பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று அறிவித்தது வயல்காரருக்கு. அதே தாளை நம்பியிருந்த ஆட்டுக்காரர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். பசி தெரிவதே இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் கணக்கெடுப்பு முடிந்துவிடும். விதியில் இருப்பதெல்லாம் கால்நடை முகாமில் கட்டும் பெரிய கால்நடைக்கு நாளுக்கு 80, சிறியதற்கு 45 ரூபாய் தீவனச் செலவு. அதுவும் முகாம் திறந்தால்தான். 80 ரூபாய் சில கிலோ அடர்தீவனத்துக்கே சரியாகிவிடும்.

மேய்ச்சலையே கணக்கில் எடுக்க முடியாது என்பதில்லை. அமெரிக்காவில் 2014 பண்ணைச் சட்டம் நிலையாக்கிய மேய்ச்சல் இழப்புத் திட்டம் முக்கியமாக வறட்சிக்கானது. வாராவாரம் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் அந்த மாவட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் என்ற அளவில் கணக்கிட்டுத் தருகிறார்கள். கால்நடை சாக வேண்டியதில்லை. நாங்குநேரி, ராதாபுரம், மானூர் வட்டாரங்களின் மானாவாரி மேய்ச்சலுக்கும் இப்படி ஒன்று வேண்டும். பயிர்ச் சேதக் கணக்கு எடுக்கும்போதே அந்த வயலில் வழக்கமாகக் கிடை போடுபவர் பெயரையும் ஒரு வரியில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

அதுவரை மாட்டுக்காவது, கையில் இருக்கும் நல்ல வைக்கோலை யூரியா போட்டுச் சத்தேற்றி வையுங்கள். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஆகாது. பூசணம் பிடித்த வைக்கோலை யூரியா போட்டும் மீட்க முடியாது; அதை எருக்குழியில் தள்ளிவிடுங்கள்.