டவுன் ஹில் ஏற்றத்தில் மூன்று பக்கிகள்: கனமான டிரெய்லருக்கு நான் எடுத்த வண்டி

தென்னாப்பிரிக்காவில் பிக்கப்பை யாரும் பிக்கப் என்று சொல்வதில்லை. பக்கிதான். சென்னையிலிருந்து வந்திருக்கும் எங்கள் கோயில் ஐயர் இந்தச் சொல்லைக் கேட்டு முதல் வாரம் முழுக்கச் சிரித்தார். அவர் ஊரில் அது திட்டு. எனக்கு அது பிழைப்பு. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் அப்பா காலத்திலிருந்து பந்தல் வாடகைக்கு விடுகிறோம். கூடாரத் துணி, இரும்புக் கால், நாற்காலி, மேசை, பிரியாணி அண்டா, கேஸ் அடுப்பு எல்லாம் ஏறுவது ஒரே ஒரு இரட்டை அச்சு டிரெய்லரில். அதன் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ.

புது வண்டி தேடியதற்குக் காரணம் ஒரு பெரிய வெள்ளி. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் தீமிதி முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாகத் துணியைத்தான் முதலில் மடித்து டிரெய்லரின் முன்பக்கம் போடுவோம். அன்று நனைந்த துணியை வடியவிட்டுக் கடைசியில் ஏற்றலாம் என்று வைத்து, வாசலோரமாகப் பின்னால் திணித்துவிட்டார்கள் பையன்கள். நனைந்த கூடாரத் துணியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். காய்ந்தால் இரண்டு பேர் தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும்.

திரும்பும் வழியில் என்3 நெடுஞ்சாலையில் கீ ரிட்ஜ் மலை இறக்கம். மணிக்கு 95 கிலோமீட்டர் இருக்கும். முதலில் ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன இழுப்பு, காற்று அடித்தது போல. அப்புறம் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் இடது மூலை தெரிந்தது, மறைந்தது, வலது மூலை தெரிந்தது. நாய் வாலாட்டவில்லை, வால்தான் நாயை ஆட்டியது. பிரேக்கை ஓங்கி மிதிக்கத்தான் கால் போனது. மிதித்திருந்தால் டிரெய்லர் முதுகில் ஏறியிருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாமல் நேராகப் பிடித்தேன். வேகம் 70க்கு இறங்கிய பிறகுதான் ஆட்டம் அடங்கியது. ஓரங்கட்டி இறங்கினால் டிரெய்லர் சக்கரங்களிலிருந்து கருகிய வாசனை.

அன்றைக்கு இருந்த பழைய பக்கியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, குற்றம் அதன்மேல் இல்லை. தாத்தா கரும்புத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். முன்பாரம் பின்பாரம் பார்க்காமல் அவர் ஒரு கட்டுக் கரும்புகூட ஏற்றியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு தரையில் கால் பாவாமல் தவிக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். கொக்கியில் போதிய பாரம் அழுந்தாவிட்டால் பின்பக்கம் ஆடத்தான் செய்யும். நான்தான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். முதலில் போன ஷோரூமில் விற்பனையாளர் தம்பி நான் டிரெய்லர் என்று வாயெடுத்ததுமே "3.5 டன் இழுக்கும் அங்கிள்" என்றார். உண்மைதான். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8, ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் 3.0, ஃபோக்ஸ்வேகன் அமரோக் என்று எல்லார் விளம்பரத்திலும் பிரேக் உள்ள டிரெய்லருக்கு அதே 3,500 கிலோ. எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்லும்போது அந்த எண்ணை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

பார்க்க வேண்டியது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்கிற கூட்டு எடை வரம்பு. வண்டியின் எடைத் தகட்டில் ஜிசிஎம் என்று இருக்கும். இரண்டு வரிசை இருக்கை உள்ள டி-மேக்ஸ் 3.0 டபுள் கேபில் அது 6 டன்னை ஒட்டி வரும். வண்டி மட்டும் முழுப் பாரத்தோடு 3 டன்னுக்குச் சற்று மேல் இருக்கலாம். அதோடு 3.5 டன்னைக் கூட்டினால் ஆறரை தாண்டும். அதாவது பக்கியையும் நிரப்பி, டிரெய்லரையும் நிரப்பி ஓட்ட முடியாது. ஒன்றை நிரப்பினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். இதை அந்தத் தம்பியிடம் கேட்டேன். பிரசுரத்தைப் புரட்டிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார், மேனேஜர் காபி வேண்டுமா என்று கேட்டார்.

இன்னொன்றும் ஷோரூமில் யாரும் சொல்லவில்லை: பிரேக். 750 கிலோவுக்கு மேல் 3,500 வரை உள்ள டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் போதும் என்றுதான் நம் ஆட்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். டிரெய்லரின் மொத்த எடை வரம்பு, இழுக்கும் வண்டியின் வெற்று எடையைத் தாண்டாதவரை மட்டும்தான் அது சரி. தாண்டினால், மிதியை மிதித்ததும் டிரெய்லர் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும் சர்வீஸ் பிரேக் வேண்டும். டபுள் கேப் பக்கி வெறுமனே 2.1 டன் சுமார், என் டிரெய்லரோ 3 டன். இத்தனை வருஷம் நான் ஓட்டியது தப்பு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓவர்ரன் எப்படி வேலை செய்கிறது? வண்டி வேகம் குறையும், டிரெய்லர் பின்னாலிருந்து முட்டும், முட்டும் வேகத்தில் கொக்கித் தண்டு உள்ளே நகர்ந்து பிரேக்கை இழுக்கும். சமதரையில் பிரச்சினை இல்லை. நீண்ட இறக்கத்தில் நீங்கள் சின்ன கியரில் எஞ்சினைக் கொண்டு பிடித்தபடி இறங்கினால், டிரெய்லர் இறங்கி முடியும்வரை முட்டிக்கொண்டே இருக்கும். பிரேக் விடாமல் உரசும், சூடேறும், கடைசியில் பிடிப்பு விட்டுவிடும். கீ ரிட்ஜில் எனக்கு வந்த கருகல் வாசனை அதுதான். 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த லாரி பைன்டவுனில் மோதி 24 பேர் இறந்ததை டர்பன்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது பெரிய லாரி, நம்முடையது சின்னது. இறக்கம் இறக்கம்தான்.

டிரெய்லருக்குப் புதுப் பிரேக் போட்டு, தகுதிச் சோதனை முடித்து, அப்புறம்தான் வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். ஷோரூமில் உங்கள் டிரெய்லரை மாட்டி ஓட்ட விடமாட்டார்கள். அதனால் மச்சானின் ஹைலக்ஸ், நண்பரின் ரேஞ்சர் வி6, இன்னொரு பந்தல்காரரின் டி-மேக்ஸ் மூன்றையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கடன் வாங்கினேன். பாரம் மாறவில்லை, வழியும் மாறவில்லை: சாட்ஸ்வொர்த்திலிருந்து என்3 பிடித்து, பீட்டர்மாரிட்ஸ்பர்கைத் தாண்டி வரும் டவுன் ஹில் (Town Hill) மலை ஏறி ஹில்டன் போய்த் திரும்புவது. மணல் யார்டு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது டிரெய்லர் 2,740 கிலோ இருந்தது.

ரேஞ்சர் வி6 ஏறியதைப் பார்த்தால் டிரெய்லரைக் கழற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். 3 லிட்டர் டீசல், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, பத்து கியர். டவுன் ஹில்லில் லாரிகளைத் தாண்டும்போதும் எஞ்சின் குரலை உயர்த்தவில்லை. மூன்றில் அச்சிடைத் தூரமும் இதில்தான் அதிகம், 3,270 மில்லிமீட்டர். நீளமான வண்டியை டிரெய்லர் அவ்வளவு சுலபமாகத் திருப்பிவிட முடியாது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் பணம் ஒரு பொருட்டு. டீசலும் 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடித்தது.

ஹைலக்ஸ் எங்கள் ஊர்ப் பிள்ளை. டொயோட்டாவின் ப்ராஸ்பெக்டன் ஆலையில் பிறந்தது, எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு அங்கே வேலை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி மாதக்கணக்கில் நின்றபோது தெருவே சோர்ந்து கிடந்தது. ஆட்டோமேட்டிக் 2.8இல் 500 நியூட்டன் மீட்டர், ஏற்றத்தில் குறையே சொல்ல முடியாது. அச்சிடைத் தூரம் 3,085. பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போது மற்ற இரண்டையும்விட ஒரு துளி அதிகமாகத் தள்ளாடியது போல் எனக்குப் பட்டது. மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் கோபமாக இருக்கிறார்.

டி-மேக்ஸில் முறுக்குவிசை 450தான். டவுன் ஹில்லில் 60க்கு மேல் அது போகவில்லை, நானும் விரட்டவில்லை. எனக்குப் பிடித்தது இறக்கம். மூன்றாவது கியரில் விட்டதும் எஞ்சின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கீழே வருவதற்குள் நான் பிரேக்கைத் தொட்டது நான்கு தடவை. வண்டிக்காரர் டேப் கொண்டுவந்ததைக் கேலி செய்தார், ஆனாலும் பின் அச்சிலிருந்து டிரெய்லர் உட்காரும் கொக்கிக் குமிழ்வரை மூன்றிலும் அளந்தேன். அந்த நீட்டம் குறைவாக இருந்தால் டிரெய்லருக்குக் கிடைக்கும் நெம்புகோலும் குட்டை. இதில்தான் குறைவு. கொக்கியை யார் பொருத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். டீசல் 100 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் சுமார்.

எனக்கு வேண்டியது ஏறும் வண்டி இல்லை, இறங்கும் வண்டி. ஏற்றத்தில் பத்து நிமிஷம் தாமதமானால் கல்யாண வீட்டில் திட்டு வாங்குவேன், அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் ஓடிய டி-மேக்ஸ் 3.0, ஃபோர்-பை-ஃபோர், ஆட்டோமேட்டிக் எடுத்தேன். டூ-வீல் டிரைவில் விலை குறையும், ஆசை வரும். மழையில் ஊறிய பள்ளி மைதானத்திலிருந்து டிரெய்லரை வெளியே இழுத்த அனுபவம் உள்ளவருக்கு அந்த ஆசை வராது. பக்கி வந்த நாளிலிருந்து வங்கியில் பாக்கி, அது வேறு கதை.

கொக்கி வாங்கும்போது அதன் தகட்டைப் படியுங்கள். வண்டி 3,500 இழுக்கும், ஆனால் கொக்கியோ குமிழோ அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைந்த எண்தான் உங்கள் வரம்பு. முதலில் எனக்குப் பொருத்திய கடையில் குமிழைக் குறைந்த எடைக்கானதாகப் போட்டு அனுப்பினார்கள். அங்கேயே குனிந்து பார்த்ததால் தப்பித்தேன்.

முன்பாரம் அளக்க ஒரு வழி. டிரெய்லர் எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து பாகம்வரை கொக்கியில் அழுந்தினால் எனக்குத் திருப்தி. என்னுடையதற்கு அது 220 முதல் 270 கிலோ. குளியலறைத் தராசு தாங்காது. அதனால் தடித்த பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்மேல் வைத்து, மறு முனையைத் தராசில் வைப்பேன். செங்கல்லிலிருந்து ஒரு பங்கு தூரத்தில், தராசிலிருந்து இரண்டு பங்கு தூரத்தில் டிரெய்லரின் கொக்கி முனை பலகையில் உட்காரும்படி, அந்த முனையைத் தாங்கும் சின்ன ஜாக்கி சக்கரத்தை மேலே சுற்றினால், தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். 80 என்று வந்தால் 240. பலகையின் எடைக்காக முள்ளை முதலிலேயே பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த 240 கிலோவும் பக்கியின் பாரக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். பின்னால் மூன்று பையன்களும் கருவிப் பெட்டியும் ஏறியபின் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வராது.

இரண்டு மாதமாக ஓட்டுகிறேன். ஸ்டேஞ்சர், டோங்காட், மாரிட்ஸ்பர்க், ஒரு தடவை லேடிஸ்மித். கண்ணாடிகள் போதவில்லை, டிரெய்லர் அகலம் அதிகம். நீட்டும் கண்ணாடி மாட்டியிருக்கிறேன், பார்க்க யானைக் காது மாதிரி இருக்கிறது. வேகம் 80, இறக்கத்தில் 60. பின்னால் வருகிற டாக்சிக்காரர்கள் ஹாரனில் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

தங்கை மகனுக்கு இதை ஓட்ட ஆசை. அவனிடம் இருப்பது பி லைசென்ஸ். 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு ஈபி (EB) லைசென்ஸ் வேண்டும். அடுத்த மாதம் தேர்வுக்குப் போகிறான். டிரெய்லரைப் பின்னால் தள்ளி வாசலுக்குள் விடப் பழக்குகிறேன். நேற்று வேலியோரம் இருந்த கறிவேப்பிலைச் செடி போய்விட்டது. அவன் அம்மாவிடம் காற்றில் சாய்ந்தது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.