குளத்தைக் காலி பண்ணாமலே விளக்கு மாற்றியாச்சு

பினாங்கில் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் எங்கள் கொண்டோவுக்கு, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, வயது இருபதுக்கு மேல். நீச்சல் குளத்து ஆறு விளக்கில் நாலு எரிவதே இல்லை, ராத்திரி ஏழு மணிக்கு டைமர் ஓடினதும் பிரேக்கர் வேறு விழும், ஜாகா (காவல்கார) அண்ணன் போய்த் தூக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி விழும். போன வருஷம் வாய் தவறி நிர்வாகக் குழுவுக்குச் சரி சொன்னதால் இது என் தலையில்.

முதலில் வந்தவர் குளத்தை வற்ற வைத்து டைல்ஸை உடைக்கணும் என்று ஒரு விலை சொன்னார், அதைக் கேட்டுக் குழுவில் பாதிப் பேர் விளக்கே வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்து வந்தது பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வயர்மேனும் அவர் மச்சானும். இவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வந்ததும் குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பம்பு அறைக்குப் போய் மெயினை அணைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று. விளக்குக்குப் போவது வெறும் 12 வோல்ட், பிரேக்கர் விழுவது அதனால் இருக்காது, மின்சாரத்தை 12 வோல்ட்டுக்குக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரைப் பாருங்க அண்ணே என்று மூடியைத் திறந்தார். உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. பக்கத்திலேயே குளோரின் டிரம்மை வைத்தால் பூக்காமல் என்ன செய்யும்?

அப்புறம் மச்சான் தண்ணீரில் இறங்கினார். விளக்கின் விளிம்பில் மேலே ஒரே ஒரு திருகுதான், கழற்றினால் விளக்கு முழுசாக வெளியே வருகிறது, கரைக்கே தூக்கி வந்து வேலை பார்க்க வசதியாகப் பின்னால் குழியில் ஒயரைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இதுக்கா டைல்ஸை உடைக்கச் சொன்னார் அந்த மனுஷர்! ஒரு விளக்கின் கண்ணாடிக்குள் பாதி வரை தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், ரப்பர் வளையத்தைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. எரிகிற இரண்டில் ஒன்றைக் கரையிலேயே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், தண்ணீர்தான் அதைக் குளிர வைக்குது, வெளியே எரிந்தால் கண்ணாடி தெறிக்கும் என்று தடுத்துவிட்டார்.

பழையது ஒவ்வொன்றும் 300 வாட் PAR 56 வகை பல்பு, புதுசு அதே அளவில் 18 வாட் எல்இடி. ஆறும் ஒரு மணி நேரம் எரிய முன்பு 1.8 யூனிட், இப்போது 0.11 கூட இல்லை. மலிவான எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் இவ்வளவு குறைந்த வாட்டுக்கு மினுக்கும் என்று கம்பிச் சுருள் உள்ள கனமான காயில் (coil) வகையையே போட்டார். எல்லாம் சேர்த்து முதல் ஆள் சொன்னதில் கால்வாசிதான் ஆனது, குளத்திலும் ஒரு பக்கெட் தண்ணீர்கூடக் குறையவில்லை.

குறை இல்லாமல் இல்லை. மூணே வாரத்தில் ஒரு விளக்குக்குள் ஆவி படிந்தது. புது ரப்பர் ஐந்துதான் கொண்டு வந்திருந்தாராம், ஆறாவதற்குப் பழசையே துடைத்துப் போட்டிருக்கிறார், நாங்கள் கேட்கும் வரை வாய் திறக்கவில்லை. மூணு தடவை போன் போட்ட பிறகு வந்து காசு வாங்காமல் மாற்றினார், ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

மஞ்சள் ஒளி வேண்டுமா வெள்ளையா என்று கேட்டபோது யோசிக்காமல் வெள்ளை என்றது என் தப்பு. மூணாவது மாடி ஆன்ட்டி தினமும் பால்கனியில் நின்று, "என்னப்பா, கிளினிக் மாதிரி இருக்கு" என்கிறார்.