பரிசு சீசனில் கூகுள் தேடல் விளம்பரம்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

பண்டிகைக்கு முன் பரிசு தேடுபவருக்குப் பொருளின் பெயர் தெரியாது. யாருக்கு, எவ்வளவுக்குள், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றுதான் தெரியும். நாம் எழுதித் தரும் பல வரிகளைக் கூகுளே மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும் கூகுள் ஆட்ஸின் ரெஸ்பான்சிவ் சர்ச் ஆட் இந்த மூன்றையும் சொல்ல நன்றாகவே இடம் தருகிறது. ஆனால் அதன் பரிந்துரைகளை அப்படியே கேட்டால், எந்த மாதத்துக்கும் பொருந்துகிற சப்பையான விளம்பரம்தான் மிஞ்சும்.

2022 ஜூன் இறுதிக்குப் பிறகு பழைய விரிவாக்கப்பட்ட உரை விளம்பரங்களைப் புதிதாக உருவாக்க முடியாது என்பதால், இதைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். 15 தலைப்புகள் வரை, ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். 4 விவரங்கள் வரை, ஒவ்வொன்றும் 90 எழுத்துக்குள். காட்டப்படுவது அதிகபட்சம் 3 தலைப்பும் 2 விவரமும். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல்: புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். ‘அம்மா’ என்பது 5. ‘அம்மாவுக்குப் பரிசுகள்’ 22. விரலால் எண்ணாமல் பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்தே எழுதுங்கள்.

எந்தத் தலைப்பு எதன் பக்கத்தில் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. ‘இலவச டெலிவரி’, ‘டெலிவரி இலவசம்’ என்று இரண்டையும் போட்டால், இரண்டும் ஒன்றாக வந்து நின்று அசடு வழியும். பெறுபவர், விலை வரம்பு, பெயர் பொறித்துத் தரும் வசதி, கடைசித் தேதி என ஒவ்வொரு தலைப்பும் ஒரே விஷயத்தைச் சொல்லட்டும். அப்பாவுக்கு, குழந்தைக்கு, அலுவலக நண்பருக்கு என்று விளம்பரக் குழுக்களையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்கான பக்கத்தையே இணைப்பாகக் கொடுங்கள். கடையின் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பினால், வந்தவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். பெரும்பாலும் தேட மாட்டார். தேடுசொல்லைத் தானாகத் தலைப்பில் நுழைக்கும் வசதி தமிழுக்கு ஆகாது. வேற்றுமை உருபு இடறி வாக்கியம் உடைந்துவிடும்.

கடைசித் தேதி கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் அந்தத் தலைப்பை 1 அல்லது 2-ஆம் இடத்தில் ‘பின்’ (pin) செய்யுங்கள், அதாவது அந்த இடத்திலேயே வரும்படி குத்தி வையுங்கள். 3-ஆம் இடம் பல நேரம் காட்டப்படுவதே இல்லை. ஒரே வரியைப் பூட்டாமல், ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று வரிகளைப் பின் செய்வது நல்லது. உடனே, விளம்பரம் எவ்வளவு வலுவானது என்று கூகுள் மதிப்பிட்டுக் காட்டும் ‘ஆட் ஸ்ட்ரெங்த்’ மானி இறங்கும். இறங்கட்டும். எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று முடிவாகும் ஏலத்தில் அது நேரடியாகக் கணக்கில் வருவதில்லை.

இந்தக் கருவியில் சீசனுக்கென்றே செய்ததுபோல் இருப்பது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று விளம்பரத்திலேயே எண்ணிக் காட்டும் கவுன்ட்டவுன். அதில் முடிவு நேரமாகப் பண்டிகை நாளைப் போடுவதுதான் வழக்கமான கோளாறு. போட வேண்டியது ஆர்டர் எடுப்பதை நிறுத்தும் நேரம். பார்சல் கிளம்புவது உங்கள் கிடங்கின் கடிகாரப்படி என்பதால், பார்ப்பவரின் நேர மண்டலத்தை விட்டுக் கணக்கின் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் முடிவுக்கு 5 நாள் முன்புதான் எண்ணத் தொடங்கும். எண்ணி முடிந்ததும் அந்த வரி வராது; அது இல்லாமலும் விளம்பரம் நிற்கும்படி மற்ற தலைப்புகள் இருக்க வேண்டும்.

பரிசு வாங்குபவரின் பயத்தைப் போக்குவதற்கு விளம்பரத்தோடு சேர்ந்து வரும் 25 எழுத்துக் குறுவரிகளான கால்அவுட்கள் போதும். ‘பில் பெட்டியில் இருக்காது’ என்பது சரியாக 25. அளவு பொருந்தாவிட்டால் பெற்றவரே மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். ‘சிறந்த தரம்’ என்பதைவிட அது பல மடங்கு வேலை செய்யும். தலைப்பில் ஆச்சரியக்குறி போட்டால் விளம்பரம் நிராகரிக்கப்படும். எதைத் திருத்தினாலும் மறுபடி பரிசீலனைக்குப் போகும். பெரும்பாலும் ஒரு வேலைநாளில் முடிந்துவிடும் என்றாலும், கடைசி நாளன்று கை வைக்காதீர்கள்.

‘செய்வது எப்படி’, ‘வாழ்த்துக் கவிதை’ போன்றவற்றை விலக்குச் சொற்களில் (தேடலில் இவை இருந்தால் விளம்பரம் வராது) சேர்க்காவிட்டால் காசு கரையும். விலக்குச் சொல் ஒத்த பொருளுள்ள சொற்களைத் தடுக்காது. ‘கவிதை’, ‘கவிதைகள்’ போல ஒருமை பன்மை இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். செலவிலும் கவனம் வேண்டும். கூட்டம் அலைமோதும் நாளில் தினசரி பட்ஜெட்டைப் போல் இரு மடங்கு வரை போகும். மாதக் கணக்கில் தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது என்பதால் இதைக் கோளாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த நாளுக்குப் பணம் ஒதுக்கி வைத்தால் சரி.

ஏலத் தொகையைக் கூகுளே தீர்மானிக்கும் தானியங்கி ஏல முறையில் இருப்பவர்களுக்கு, விற்பனை விகிதம் ஏறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ‘சீசனாலிட்டி அட்ஜஸ்ட்மென்ட்’ இருக்கிறது. அது 1 முதல் 7 நாள் வரையிலான திடீர் ஏற்றத்துக்கானது. 14 நாளுக்கு மேல் நீட்டினால் சரிவராது. சீசன் முழுக்க அதைப் போட்டு வைப்பது வீண். டெலிவரிக் கெடு முடிந்த நிமிடமே பொருள் விளம்பரங்களை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் போகும் கிஃப்ட் கார்டுக்கான குழுவை ஓடவிடுங்கள். அதை முன்கூட்டியே எழுதி, பரிசீலனை முடித்து, நிறுத்தி வைத்திருந்தால்தான் இது நடக்கும்.