மே மாத வெயிலில் ஸ்கீ ஜம்பிங்: காட்பாடி வி.ஆர். கடை எப்படி?

காட்பாடி காந்தி நகரில் ஒரு மாடியில் வி.ஆர். கேம் கடை, அதாவது கண்ணை மறைக்கிற ஹெட்செட் மாட்டி விளையாடுகிற கடை, இருக்கிறது. கார் ரேஸ், ஜாம்பி சுடுவது எல்லாம் மற்ற இடங்களில் இருப்பது போலத்தான், அதை விடுங்கள். உள்ளே மூலையில் போட்டிருக்கிற ஸ்கீ ஜம்பிங் மெஷினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஸ்கீ ஜம்பிங் என்றால், காலில் நீளக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் சறுக்கி வந்து, விளிம்பில் எகிறி, காற்றில் பறந்து தூரமாய்ப் போய் இறங்குகிற பனி விளையாட்டு. பத்து நிமிஷத்துக்கு 150 ரூபாய். பறக்கிற அனுபவத்துக்கு அந்தக் காசு தகும். எகிறுகிற அனுபவத்துக்குத் தகாது. ஸ்கீ ஜம்பிங்கில் எகிறுவதுதான் பாதி வேலை என்பதால் எனக்கு மனசு ஆறவில்லை.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை. பயிற்சிக்காக ஜெர்மனியில் பிர்மாசென்ஸ் ஊரில் இருந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் ஒரு ஜூலை மாதம் ஹின்டர்சார்ட்டனுக்குக் கூட்டிப் போனார்கள். பிளாக் ஃபாரஸ்ட் மலையில் இருக்கிற சின்ன ஊர். 1994இல் ஸ்கீ ஜம்பிங்கின் கோடைக்கால கிராண்ட் பிரி போட்டித் தொடர் ஆரம்பித்ததே அங்கேதான். பொட்டுப் பனி கிடையாது, சுற்றிலும் பச்சைப் புல். அதற்கு நடுவில் மேலே இருந்து ஒரு பொண்ணு ஸ்கீ கட்டையோடு சறுக்கி வந்து, தலைக்கு மேலே பறந்து போய்க் கீழே இறங்கினாள். அன்றிலிருந்து பைத்தியம். பெண்களுக்கு இந்த விளையாட்டில் ஒலிம்பிக் கதவு திறந்ததே 2014 சோச்சியில்தான். முதல் தங்கம் ஜெர்மனியின் கரினா ஃபோக்ட்டுக்கு.

கோடையில் எப்படிக் குதிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மெஷினில் என்ன குறை என்பது புரியாது. இறங்குகிற சரிவு முழுக்க பச்சை நிற பிளாஸ்டிக் இழைப் பாய்கள். நம் ஊரில் கீற்று வேய்கிற மாதிரி கீழே இருந்து மேலே, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பதித்திருப்பார்கள். 1954இல் கிழக்கு ஜெர்மனியின் ஓபர்ஹோஃபில் ஹான்ஸ் ரென்னர் என்ற பயிற்சியாளர் கொண்டுவந்த ஏற்பாடு இது. பாய் காய்ந்தால் ஸ்கீ பிடித்துக்கொள்ளும் என்பதால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மேலே சறுக்கி வருகிற தடத்தில் பனிக்குப் பதில் பீங்கான் குமிழ்கள், அதிலும் தண்ணீர் ஓடும். வேகம் மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். குளிர்காலத்தில் செய்கிற அதே வேலைதான், மூக்கு மட்டும் உறையாது.

சரி, கடைக்கு வருவோம்.

அண்ணன் பையன் ஒன்பதாவது முடித்துவிட்டு லீவில் சும்மா இருந்தான். அவனை ஸ்கூட்டியில் உட்கார வைத்துத் திருவலம் வழியாகக் கிளம்பினேன். "காசு குடுத்துக் கீழ விழறதுக்கு காட்பாடி வரைக்கும் போவணுமா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. வி.ஐ.டி. பசங்கள் ஊருக்குப் போயிருக்கிற நேரம் என்பதால் கடையில் கூட்டமில்லை. படிக்கட்டு ஏறுவதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டது.

மெஷின் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. முன்பக்கம் சாய்ந்த ஒரு மேடை, அதில் இரண்டு குட்டிப் பலகைகள், கால் விரல் பக்கம் மட்டும் இறுக்குகிற வெல்க்ரோ பட்டை, பிடித்துக்கொள்ள இடுப்புயரக் கம்பி. எதிரில் ஒரு பெடஸ்டல் ஃபேன். உண்மையான ஸ்கீயை அங்கே வைக்கவே முடியாது. வீரரின் உயரத்தில் 145 சதவீதம் வரை நீளம் அனுமதி. என் உயரம் 158 சென்டிமீட்டர், அப்படியானால் எனக்கு 229 வரை. கடைச் சுவரை இடிக்க வேண்டியதுதான்.

விரலை மட்டும் கட்டி குதிகாலை விட்டிருக்கிறார்களே, அதை வடிவமைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நிஜத்திலும் குதிகால் தூக்கும், அப்போதுதான் உடம்பை ஸ்கீக்கு மேலே படுக்கிற மாதிரி சாய்க்க முடியும். ஆனால் ஷூ? கொடுப்பது ரப்பர் செருப்பு. ஜம்பிங் பூட் பின்பக்கம் உயர்ந்து விறைப்பாக நிற்கும், முன்பக்கம் கெண்டைக்காலோடு நன்றாக மடங்கும். தோல் வேலை தெரிந்தவன் செய்ய வேண்டிய பூட் அது. அதை 150 ரூபாய்க்கு எதிர்பார்க்கவில்லை. வலது பட்டையின் வெல்க்ரோ தேய்ந்துபோய் நழுவுகிறதே, அதையாவது மாற்றலாம். ரெண்டு அங்குலம் வெல்க்ரோ என்ன விலை?

ஹெட்செட் மாட்டியதும் மலை, பனி, கீழே எறும்பு அளவு ஜனம். "இன்னாக்கா, பயமா கீதா?" என்றான் கடைப் பையன். பயமாகத்தான் இருந்தது, சொல்லவில்லை. குந்தி, நெஞ்சைத் தொடையில் ஒட்டி, கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு வருகிறபோது ஃபேன் காற்று மெல்லக் கூடுகிறது. சென்சார் வைத்திருக்கிறார்களே என்று அசந்துபோனேன். கழற்றிப் பார்த்தால் அந்தப் பையன் ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறான்! என்னைக் கேட்டால் அந்தக் கடையில் நன்றாக வேலை செய்கிற பாகம் அவன்தான்.

இப்போது என் பெரிய குறை. தடத்தின் விளிம்பில் எகிறுவதற்கு கையில் இருக்கிற ரிமோட்டில் பட்டனை அழுத்த வேண்டும். பட்டன்! நிஜத்தில் அந்த விளிம்பு பத்துப் பதினொரு டிகிரி கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கும். முழங்காலையும் இடுப்பையும் விரித்து முன்னாலும் மேலேயும் ஒரே தள்ளு, நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம். அதற்காகத்தான் அவர்கள் வருஷம் முழுக்க உழைக்கிறார்கள். பனியோ மலையோ இல்லாமல் ஜிம்முக்குள்ளேயே, சக்கரம் வைத்த பலகையில் குந்தி உருண்டு வந்து எகிறுவார்கள், பயிற்சியாளர் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேலே ஏந்திக்கொள்வார். கடையில் அதைக் கேட்கவில்லை. மேடைக்கு அடியில் அழுத்தத்தை உணர்கிற ஒரு பலகை வைத்தால் போதும். சத்துவாச்சாரியில் பளுதூக்குகிற பசங்கள் யாராவது வந்தால், அந்தத் தொடைக்கு வேலையே இல்லாமல் கட்டை விரலால் குதிப்பார்கள். கொடுமை.

காற்றில் இருக்கும்போது மட்டும் கணக்கு சரியாக இருக்கிறது. ஸ்கீயை ஆங்கில 'V' எழுத்து மாதிரி விரித்து அசையாமல் நின்றால் தூரம் கூடுகிறது, பதறிக் கையை ஆட்டினால் அப்படியே விழுகிறோம். எதிர்க்காற்று தூக்கிவிடுகிறது, பின்காற்று அமுக்குகிறது, அதற்கேற்ப புள்ளியைக் கழித்தும் கூட்டியும் தருகிறது. இறங்கும்போது இடது பலகை முன்னால் நகர்கிறது, அதனால் ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்குகிற டெலிமார்க்கும் முடிகிறது. அண்ணன் பையன் ரெண்டு காலையும் சேர்த்துத் தொப்பென்று இறங்கிவிட்டு, "அத்தை, நான் விழவே இல்லையே, ஏன் மார்க் குறைச்சான்?" என்று சண்டைக்கு வந்தான். ஐந்து நடுவர்கள், ஆளுக்கு இருபது மார்க், அதிகமும் குறைவும் போக மீதி மூன்றைக் கூட்டுவார்கள், டெலிமார்க் இல்லையென்றால் வெட்டுவார்கள் என்று விளக்கினேன். ஸ்கூல் மாதிரியே இருக்கு என்றான்.

கேமின் செட்டிங்ஸுக்குள் தேடினால் 'கோடை' என்று ஒரு தளம் இருக்கிறது. கடைக்காரர்களுக்கே தெரியவில்லை, நான்தான் திறந்து காட்டினேன். பச்சைப் பாய், தண்ணீர்த் தெளிப்பான் எல்லாம் அழகு. ஆனால் இறங்குகிற இடத்தில் புஸ்ஸென்று பனித்தூள் பறக்கிறது! நிஜத்தில் பாயில் இறங்கினால் வருவது சரசரவென்ற சத்தமும் நீர்த்துளியும்தான். கேம் செய்தவர் ஜூலையில் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை போல.

நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. ஹெட்செட் பேட்டரியில் ஓடியது, ஃபேன் நின்றுவிட்டது. காற்றே இல்லாமல் தொண்ணூறு மீட்டர் பறந்தேன், முதுகில் வேர்வை ஓடியது. ஏ.சி. பெயருக்குத்தான் இருக்கிறது. முகத்தில் படுகிற ஸ்பாஞ்ச் முந்தின ஆள் வேர்வையில் ஈரமாக இருந்தது. கேட்டபிறகுதான் டிஷ்யூ வந்தது. இதைக் கேட்காமலே செய்ய வேண்டும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். எகிறுகிற பலகை வைத்தால் நாலரை. முழங்கால் வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் வேண்டாம். போகிறவர்கள் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். கோடைத் தளம் வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். முகத்துக்கு ஒரு கைக்குட்டை, காலுக்கு சொந்த சாக்ஸ். அங்கே கூடையில் போட்டு வைத்திருக்கிற சாக்ஸை நான் தொடக்கூட மாட்டேன்.