அப்பாவின் தோளில் நாடாவைத் திரும்ப வைத்த போட்டோ கடை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகிற ரோட்டில், மாடியில் இருக்கிற சின்ன கடை. பழைய படங்களைச் சரிசெய்து, பெரிசாக்கி, பிரேம் போட்டுத் தருகிறார்கள். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு துண்டு நாடா.

அப்பாவுக்கு எண்பது முடிகிறது. 1964-ல் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, 1992-ல் சுபேதாராக ஓய்வு பெற்றவர். சீருடையில் இருக்கிற ஒரே கலர் படம் ஈரம் பிடித்து வெளுத்துக் கிடந்தது. முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன். முகம் பளிச்சென்று வந்தது. அப்பா பார்த்த உடனே படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். “இது நானில்ல கண்ணு, யாரோ லெப்டினன்ட்.”

தோளில் இரண்டு நட்சத்திரம், கூடவே குறுக்கே சிவப்பு, மஞ்சள், சிவப்பு நாடா இருந்தால் சுபேதார். நாடா இல்லாமல் நட்சத்திரம் மட்டும் என்றால் லெப்டினன்ட். கறை என்று நினைத்து நாடாவை அழித்திருக்கிறார்கள். “பதவி கூடித்தானே போயிருக்கு” என்றார்கள் வீட்டில். அப்பாவுக்கு ஆறவில்லை. லெப்டினன்ட், அகாடமியில் பயிற்சி முடித்து அதிகாரியாகவே வருகிறவர். சுபேதாரோ நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார் என்று படிப்படியாக ஏறியவர். ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் நிற்கிற ஜேசிஓ, அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர். இருபத்திரண்டு வயசு அதிகாரிகூட அவரை மரியாதையாக ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவார். அதை விட்டுவிட்டு வேறொருத்தர் பதவியை மாட்டிக்கொள்ள அப்பாவால் முடியாது.

இந்தக் கடைத் தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “ஏர்ஃபோர்ஸ்ல வாரன்ட் ஆபீசர்னு சொல்றாங்களே, அதுங்களா ஐயா?” என்றார். “அதுக்குச் சமம்தான் தம்பி” என்று அப்பா முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, தோள்பட்டையைத் திரை முழுக்கப் பெரிசாக்கிக் காட்டினார். மூலப் படத்தில் மங்கலாக ஒரு கோடு. “நடுவுல மஞ்சள், ரெண்டு ஓரமும் சிவப்பு” என்று அப்பா விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, நிறம் ஏறியது.

பிரேமோடு 1,450 ரூபாய். இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் ஆனது. சாதா கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது. மேட் கண்ணாடி கேட்டு வாங்குங்கள். படிக்கட்டு செங்குத்து.

சீருடைப் படம் கொடுக்கிறவர்கள் தோளிலும் மார்பிலும் என்னென்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் அவரையே கூட்டிப் போங்கள். கைப்பிடித்து ஏற்றிவிட அந்தத் தம்பி கீழே இறங்கி வருவார்.